'எல்லாம் நல்லா இருக்கு' என்கிறார்கள், இதை வைத்து என்ன எழுதுவது?

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மணலி, மாதவரம் பக்கம் குடோன்களிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி ப்ராஜெக்ட் செய்கிறேன். காண்ட்ராக்டரிடம் அனுமதி வாங்கி 12 பேரைப் பேட்டி எடுத்துவிட்டேன். சம்பளம், தங்குமிடம், சாப்பாடு என்று எதைக் கேட்டாலும் "எல்லாம் நல்லா இருக்கு" என்பதுதான் பதில். இன்னும் 28 பேர் பாக்கி. அவர்களை உண்மையைச் சொல்ல வைக்க என்ன வழி?

பதில்: அந்த 12 பேட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் இன்றைக்கே நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள்: எந்த இடத்தில் பேசினீர்கள், பக்கத்தில் யார் நின்றார்கள், எவ்வளவு நேரம் பேசினீர்கள், அவர்கள் பேசியதைத் தமிழில் யார் சொன்னார்கள். சூப்பர்வைசர்தான் மொழிபெயர்த்தார் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். இந்தக் குறிப்புகள் பின்னால் தேவைப்படும்.

அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் நோட்டை மூடிவிட்டுப் பஸ் ஏறிவிடுவீர்கள். அவர் அன்று ராத்திரியும் அதே தகர ஷெட்டில்தான் படுக்க வேண்டும். பாக்கிச் சம்பளம் காண்ட்ராக்டர் கையில் இருக்கிறது. காண்ட்ராக்டரே கூட்டிவந்து உட்காரவைத்த நீங்கள் அரசாங்க ஆளா, கம்பெனி ஆளா, பத்திரிகைக்காரரா என்று அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் "எல்லாம் நல்லா இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால் 'சொல்ல வைப்பது' என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சொன்னாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் நம்பும்படி இடத்தையும் நேரத்தையும் கேள்வியையும் மாற்றுவதுதான் உங்கள் வேலை.

முதலில் இடம். வேலை நடக்கும் இடமும் ஷெட்டும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அவர்கள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். ரீசார்ஜ் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, சலூன், காய்கறிக் கடை. திருவொற்றியூர்ப் பக்கம் கடலோரம் கொட்டிய கருங்கல்மேல் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருப்பவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு ஞாயிறு நோட்டை எடுக்காமல் போங்கள். கடைக்காரரிடம் நீங்கள் யார், எந்தக் கல்லூரி என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். மூன்றாவது வாரம் அவர்களே 'மறுபடியும் வந்துவிட்டீர்களா' என்று கேட்பார்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

போனை வெளியே எடுக்காதீர்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியது ஞாபகம் இருக்கும். பயந்துபோய் எத்தனையோ பேர் ஊருக்கு ரயில் ஏறினார்கள். பீகார் அரசு இங்கே அதிகாரிகள் குழுவையே அனுப்பியது. அதைப் பார்த்தவர்கள் முன்னால் முன்பின் தெரியாத ஒருவர் கேமராவை நீட்டினால் என்ன நினைப்பார்கள்?

கையெழுத்தும் அப்படித்தான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்று உங்கள் துறையில் சொல்லியிருப்பார்கள். வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிவிட்டுப் பிறகு அதைக் காட்டி மிரட்டிய கதை இவர்கள் பலருக்குத் தெரியும். வாய்மொழி ஒப்புதல் போதும் என்று உங்கள் கைடிடம் பேசிப் பாருங்கள். மருத்துவ ஆய்வுகளுக்கான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்களே சில சூழ்நிலைகளில் எழுத்து ஒப்புதலுக்கு விலக்கு கொடுக்க எதிக்ஸ் கமிட்டிக்கு இடம் தருகின்றன. நீங்கள் படித்துச் சொன்னது என்ன, அவர் என்ன பதில் சொன்னார், என்ன தேதி என்று நீங்களே எழுதிக் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

மொழி விஷயத்தில் ஒன்று. வடசென்னையில் எல்லாரையும் 'ஹிந்திக்காரங்க' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து இறந்த 9 பேரும் அஸ்ஸாம்காரர்கள். ஒடிசாக்காரருக்கு ஒடியா, ஜார்க்கண்டிலிருந்து வந்த சிலருக்குச் சந்தாலி, பீகாரில் ஒரு பகுதிக்காரருக்குப் போஜ்புரி. ஹிந்தியில் பலரும் ஓரளவு பேசுவார்கள், ஆனால் மனசில் இருப்பது அதில் வராது. மொழிபெயர்ப்பவர் அதே வேலையிடத்து ஆளாக இருக்கக் கூடாது, கூட்டிவந்த ஏஜென்டின் சொந்தக்காரராகவும் இருக்கக் கூடாது. பெண் தொழிலாளர்களிடம் பேசும்போது மொழிபெயர்க்க ஒரு பெண்ணைத் தேடுங்கள்.

இனி கேள்விகளுக்கு வருவோம். உங்கள் சிக்கலில் பாதி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'சம்பளம் திருப்தியா', 'தங்குமிடம் எப்படி' என்று கருத்துக் கேட்டால் மரியாதையான பதில்தான் வரும். நேற்று என்ன நடந்தது என்று கேளுங்கள்.

மாதவரம் பக்கம் ஒரு ரீசார்ஜ் கடை வாசலில், ஒடிசாவிலிருந்து வந்து கம்பி கட்டும் வேலை செய்யும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மாசம் எவ்வளவு என்றதற்கு "பதினஞ்சாயிரம்" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அதுதான் என் நோட்டில் இருந்திருக்கும். நேற்றைக்கு எத்தனை ஹாஜிரி (வேலை நாள் கணக்கு) என்று கேட்டதும் சட்டைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு டைரியை எடுத்தார். முழு நாளுக்கு ஒரு கோடு. அரை நாளுக்குப் பாதிக் கோடு. ராத்திரி வரை நின்ற நாளுக்குக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 500, 500, 300 என்று எண்கள். அது கர்ச்சி, அதாவது கைச்செலவுக்கு வாரா வாரம் காண்ட்ராக்டர் கொடுப்பது. கணக்கு முடிக்கும்போது அதைக் கழித்துக்கொண்டுதான் மிச்சம் தருவார்கள். மழையில் வேலை நின்றுபோன எட்டு நாட்களுக்குக் கோடே இல்லை, கர்ச்சி மட்டும் இருந்தது. பதினஞ்சாயிரம் என்று அவர் சொன்னது பொய் இல்லை. மாசம் முழுக்க வேலை இருந்தால் வரவேண்டிய தொகை அது. அந்த மாசம் கைக்கு வந்தது அதைவிட ரொம்பக் குறைவு. பேச்சு முடிகிற வரைக்கும் டைரியை அவர் மூடவில்லை. ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுத் தொட்டு எந்த வேலை, எந்த மாடி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அதனால் இப்படிக் கேளுங்கள். நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கக்கூசுக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நின்றீர்கள், கடைசியாக வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினீர்கள், கடைசியாகக் காய்ச்சல் வந்தபோது மருந்துக்கு யார் காசு கொடுத்தார்கள், அன்று கோடு விழுந்ததா? ஊரில் திடீரென்று ஒரு சாவு என்றால் யாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவீர்கள், பாக்கியை உடனே கொடுப்பார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் எப்படியாவது கேட்டுவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கியவர் அதை அடைக்கும்வரை கிளம்ப முடியாது என்று தெரிந்தால், அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வரைக்கும் போகிற விஷயம்.

சாப்பாட்டு நேரத்தையும் கேளுங்கள். நம் பெரம்பூரில் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பின்னி ஆலைத் தொழிலாளர்கள் பெரிதாகச் சொன்ன குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பது. சங்கத் தலைவர் வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய பேச்சுகளுக்குப் பின்னால் அந்த அவசர அவசரமாக விழுங்கிய சோறும் இருந்தது.

யாரைப் 'புலம்பெயர் தொழிலாளி' என்று எண்ணுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979 சட்டம் காண்ட்ராக்டர் மூலம் வேறு மாநிலத்திலிருந்து கூட்டிவரப்பட்டவரை மட்டும்தான் கணக்கில் எடுத்தது. மச்சான் கூப்பிட்டான் என்று தானாக ரயில் ஏறி வந்தவர் அதில் வரமாட்டார். 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தானாக வந்தவரையும் சேர்த்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னொரு கணக்கு. கல்யாணமாகித் திருவள்ளூரிலிருந்து ராயபுரம் வந்த பெண்ணும் அதில் புலம்பெயர்ந்தவர்தான். 2011 எண்களை எடுத்து இன்றைய மணலிக்குப் பொருத்திவிடாதீர்கள்.

பேட்டியில் ஆபத்தான ஒன்று தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? இதைப் போவதற்கு முன்பே கைடோடு பேசி முடிவெடுங்கள். 14 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை வேலை செய்கிறது என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லியே ஆகவேண்டும். அப்படிச் சொல்ல நேரும் என்பதைப் பேச்சு தொடங்கும்போதே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். எல்லாம் ரகசியம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சம்பளப் பாக்கி விஷயத்தில் அவசரப்பட்டு நீங்களாகப் புகார் கொடுக்காதீர்கள். அவர் வேண்டும் என்றால் மட்டும், தொழிற்சங்கத்திடமோ இலவசச் சட்ட உதவி மையத்திடமோ அவரோடு கூடப் போங்கள்.

நோட்டில் பெயர், போன் நம்பர், கம்பெனி, ஷெட் இருக்கும் தெரு எதையும் எழுத வேண்டாம். எம்-1, எம்-2 என்று போடுங்கள். அந்த நோட்டைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டு, எடுத்தவர் அதே காண்ட்ராக்டராக இருந்தால் யாரையாவது அடையாளம் கண்டுபிடிப்பாரா என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள். வேறு மாவட்டம், வேறு மொழிக்காரர் ஒரே ஒருவர்தான் அங்கே இருக்கிறார் என்றால் அதையும் மாற்றி எழுத வேண்டும்.

28 பேர் கணக்கை விடுங்கள். ஒருவர் அறிமுகப்படுத்தி அடுத்தவர் என்று போனால் ஒரே ஊர்க்காரர்கள்தான் கிடைப்பார்கள். ஆகவே மூன்று வேறு கடைகளிலிருந்து தொடங்குங்கள். 15 பேரிடம் இரண்டு மூன்று தடவை பேசினால் போதும். அவர்களோடு சேர்ந்து மூட்டை தூக்கும் உள்ளூர்க்காரர்கள் நான்கைந்து பேரிடமும் பேசுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு கூலியா என்பது அப்போதுதான் தெரியும். இத்தனை பேரை வைத்து 'இத்தனை சதவீதம்' என்று எதையும் எழுதாதீர்கள். முதல் 12 பேட்டிகளையும் அந்த ஓரக் குறிப்புகளோடு தனி அத்தியாயமாகப் போடுங்கள். காண்ட்ராக்டர் பக்கத்தில் நின்றபோது என்ன பதில் வந்தது, கடை வாசலில் என்ன பதில் வந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் ஆய்வில் நான் முதலில் படிக்க விரும்பும் பக்கம் அதுதான்.