ஆளை மாற்றலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டை மெட்ரோ பக்கம் சின்னதாக ஒரு காபிக் கடையை எடுத்து நடத்துகிறேன். வேலை பார்க்கும் பையன்கள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கூட்டம் குறைகிறது. எல்லோரையும் மாற்றிவிடட்டுமா?
- ஒரு வாசகர், சென்னை-81

பதில்: அவசரப்படாதீர்கள். விடிகாலை வந்த பையன் பத்து மணி வரை உட்காராமல் நின்றால் முகத்தில் சிரிப்பு எங்கிருந்து வரும்? கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது, முதலில் ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். சம்பளம் சொன்ன தேதியில் போகட்டும். அப்புறம் டிகாக்‌ஷன். காலையில் இறக்கியதையே மதியம் வரை சுடவைத்து ஊற்றச் சொன்னால் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது அந்தப் பையன்தான், நீங்கள் இல்லை. வேளைக்கு வேளை கொஞ்சமாக இறக்கச் சொல்லி, பழசைக் கொட்டும் உரிமையை மாஸ்டரிடமே விட்டுவிடுங்கள். துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்குக் கேட்காமலே ஸ்ட்ராங்காக, சர்க்கரை கம்மியாகப் போட்டுக் கொடுக்கிற பையன் இருந்தால் அவர் எதிர்க் கடைக்குப் போகவே மாட்டார், அந்தப் பையனை எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள். திட்டுவதைக் கடை மூடிய பிறகு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் பார்த்தும் யாராவது ஒருவர் மாறவே இல்லையென்றால், அவருக்கு மட்டும் கணக்கு முடித்து அனுப்புங்கள்.