வாசகர் கேள்வி: ராத்திரி டயப்பரை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டே முக்கால் வயது. பகலில் சொல்லிவிட்டு பாத்ரூம் போகிறாள். ராத்திரி மட்டும் டயப்பர். காலையில் அது கனத்துப்போய் இருக்கிறது. தொடையிடுக்கு அடிக்கடி சிவந்து தடிக்கிறது. ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்காதே, ராத்திரி இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போய் விடு என்கிறார் மாமியார். செய்யலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தோல் தடிக்கிறது என்றால் டயப்பரை இன்றைக்கே நிறுத்தலாம். ஆனால் படுக்கை நனையாது என்று இப்போதைக்கு எதிர்பார்க்காதீர்கள். ராத்திரியில் சிறுநீரைக் குறைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்க வேண்டும்; சிறுநீர்ப்பை நிறைந்ததும் மூளை விழித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் வளர வளரத் தானாக வருபவை. 5 வயதில்கூட 100 குழந்தைகளில் சுமார் 15 பேர் படுக்கையை நனைக்கிறார்கள். அதுவரை மருத்துவர்கள் இதை நோயாகப் பார்ப்பதில்லை. காலையில் எழும்போது வாரத்தில் நாலைந்து நாள் துணி காய்ந்திருந்தால் அவள் உடம்பு தயாராகிறது என்று அர்த்தம்.

தண்ணீரை நிறுத்தவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், மலமும் இறுகும். மலக்குடல் சிறுநீர்ப்பைக்குப் பின்னாலேயே இருப்பதால், இறுகிய மலம் பையை நெருக்கி இடத்தைக் குறைத்துவிடும். ராத்திரி நனைக்கும் குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியதே மலச்சிக்கல்தான். பப்பாளி, கீரை, ஊறவைத்த உலர்திராட்சை கொடுங்கள்.

தண்ணீரில் பெரும்பகுதியைச் சாயந்தரத்துக்குள் குடிக்க வையுங்கள். படுக்கும்போது தாகமென்றால் இரண்டு வாய் கொடுக்கலாம். மாற்ற வேண்டியது பால்தான். இந்த வயதில் சிறுநீர்ப்பை உத்தேசமாக 110 மில்லிதான் தாங்கும் (வயதோடு 1 கூட்டி 30 ஆல் பெருக்கிப் பாருங்கள்). தூங்கும் நேரத்தில் 200 மில்லி பால் குடித்தால் எங்கே நிற்கும்? பாலை ஆறரை மணிக்கு நகர்த்துங்கள். டீ, காபி, கோலா வேண்டாம். காஃபீன் சிறுநீரைத் தூண்டும். சாப்பிட்டதும் ஒரு முறை, படுக்கப் போகும்போது இன்னொரு முறை பாத்ரூம் போகட்டும்.

தூக்கிக்கொண்டு போய் விடுவதால் மெத்தை தப்பிக்கும், அவ்வளவுதான். தோளில் தூங்கும் குழந்தையை உட்காரவைத்து 'ஸ்ஸ்...' என்று சத்தம் கொடுத்தால், தூங்கிக்கொண்டே போவதுதான் பழக்கமாகும். செய்வதானால் நீங்கள் படுக்கும்முன் ஒரு தடவை, விளக்கைப் போட்டு, முழுதாக எழுப்பி, நடக்க வைத்துக் கூட்டிப் போங்கள். அழுது அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள்.

படுக்கையை இப்படிப் போடுங்கள்: மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பருத்தி விரிப்பு, மறுபடி ரப்பர் ஷீட், மறுபடி விரிப்பு. நடுராத்திரி நனைந்தால் மேலே இருக்கும் இரண்டையும் உருவிவிட்டால் போதும். ஷீட் நெஞ்சிலிருந்து முழங்கால்வரை வர வேண்டும். இரண்டு ஓரத்தையும் மெத்தைக்கு அடியில் செருகாவிட்டால் சுருண்டுவிடும். பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே போட்டால் பெரும்பாலும் அதுவே உறிஞ்சிவிடும். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம். துணி ஈரம் இழுக்காது. நனைந்ததை உடனே பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுச் சோப்பு போடுங்கள். காலைவரை பக்கெட்டில் கிடந்தால் அம்மோனியா நெடி ஏறும். ரப்பர் ஷீட்டை நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வெடிக்கும். இலவம்பஞ்சு மெத்தை நனைந்துவிட்டால் தண்ணீர் ஊற்றாமல், காய்ந்த துணியால் ஒற்றி இரண்டு பக்கமும் வெயில் காட்டுங்கள்.

மழைக்காலத்தில் வியர்வை குறைந்து சிறுநீர் கூடும். கோடையில் காய்ந்திருந்த படுக்கை ஐப்பசியில் திரும்ப நனைந்தால் பயப்படாதீர்கள். திட்டுவதும், 'சூடு வைப்பேன்' என்பதும், உறவினர் முன்னால் சொல்லிக் காட்டுவதும் கூடவே கூடாது. தூக்கத்தில் நனைப்பது அவளுக்குத் தெரியாது.

கேள்வி: நாலரை வயது மகன், ஒரு வருஷமாக நனைக்காதவன், இரண்டு வாரமாகத் தினமும் நனைக்கிறான். தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பழையபடி டயப்பர் போடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: டயப்பரைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். இன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டி, ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். தீராத தாகத்தோடு திரும்ப வரும் நனைப்பு முதல்வகைச் சர்க்கரை நோயின் அறிகுறியாக இருக்கலாம். உடம்பு மெலிந்தோ, வாந்தி எடுத்தோ, மூச்சு வாங்கியோ, துவண்டோ இருந்தால் ராத்திரியானாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.