பேஸ் கிட்டாருக்கு 100 வாட் ஆம்ப் போதுமா, 300 வாட் வாங்க வேண்டுமா?

15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர்) நல்லதா, 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ளது நல்லதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊரைக் குறிப்பிடவில்லை, ஆனால் கோயில் திருவிழாக்களிலும் திருமண மேடைகளிலும் வாசிப்பதாகச் சொல்வதால், உங்கள் நிலை ஏறக்குறைய என்னுடையதாகவே இருக்கும் என்று எண்ணி எழுதுகிறேன். ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் ஆலயப் பாடகர் குழுவிலும், ராமநாதபுரத்தைச் சேர்ந்த ஓர் இன்னிசைக் குழுவிலும் 14 ஆண்டுகளாக பேஸ் வாசித்து வருகிறேன். இதே கேள்வியோடு கடைக்குப் போய்த் தவறான விடையோடு திரும்பியவன் என்பதால்தான் விரிவாகச் சொல்கிறேன்.

நான் முதலில் வாங்கியது 200 வாட், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்ட ஆம்ப். மதுரையில் ஒரு கடையின் மாடியறையில், சுவர் மூலையில் வைத்து வாசித்துக் காட்டினார்கள். நான்காவது கம்பியைத் தட்டியதும் தரை அதிர்ந்தது. நெஞ்சுக்குள் இறங்கிய அந்த முழக்கத்தில் மயங்கி, வேறு எதையும் கேட்டுப் பார்க்காமல் பணத்தைக் கட்டினேன். அடுத்த மாதமே எங்கள் பகுதியில் ஒரு திருவிழா. கடற்கரை மணலில் பலகை மேடை, கச்சான் காற்று, டிரம்ஸ், கீபோர்டு, இரண்டு கிட்டார், பத்துப் பேர் பாடகர்கள். முதல் பாடலிலேயே என் வாசிப்பு எனக்கே கேட்கவில்லை. பேஸ் திருகையும் வால்யூம் திருகையும் இறுதிவரை திருப்பினேன். மூன்றாவது பாடலில் ஒலி பிசிறடித்தது, ஐந்தாவது பாடலில் கருகிய வாடை வந்தது, ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் எரிந்துபோயிருந்தது. ஊர் முழுவதும் கூடியிருந்த மேடையில், மீதி நேரம் ஒலி வராத கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ஏன் அப்படி ஆயிற்று என்பது பிறகுதான் விளங்கியது. அறையின் மூலையில் இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்து தாழ்ந்த ஒலியைப் பெருக்கித் தருகின்றன. வெட்டவெளியில் அந்த உதவி கிடையாது. போதாக்குறைக்கு, தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறைகிறது. மேலும் பேஸின் நான்காவது கம்பியான தாழ்ந்த ஈ (E) 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. தூக்கிச் செல்லக்கூடிய அளவிலான ஸ்பீக்கர் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த அடிப்படை ஒலியைச் சிறிதளவே வெளியிடும். அதன் மேலுள்ள 82, 123 ஹெர்ட்ஸ் போன்ற கிளை ஒலிகளைக் கேட்டுத்தான் நம் காது அடி ஒலியை உணர்ந்துகொள்கிறது. ஆகவே கூட்டத்துக்குள் பேஸைக் கேட்கவைப்பது பெரும்பாலும் மிட் எனப்படும் இடைப்பட்ட ஒலிப் பகுதிதான். நான் செய்ததோ, பெட்டியால் தர இயலாத ஒலிக்காக ஆம்ப்பின் சக்தி முழுவதையும் செலவிட்டது.

மறு ஆண்டு அதே மேடையில், எங்கள் குழுவில் முன்பு வாசித்த ஓர் அண்ணன் 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டு கொண்ட தம்முடைய ஆம்ப்பைத் தந்தார். அதை இரண்டு நாற்காலிகளை இணைத்து அவற்றின் மேல் தூக்கி வைத்தார், பேஸ் திருகைப் பாதிக்குக் கீழே இறக்கினார், மிட்டை ஏற்றினார். "தம்பி, தனியாக் கேட்டா நல்லா இருக்காது, பாட்டோட கேளு," என்றார். உண்மையில் தனியாகக் கேட்டபோது அந்த ஒலி வறண்டுதான் இருந்தது. டிரம்ஸ் தொடங்கியதும் ஒவ்வொரு சுரமும் துலங்கியது. அந்த ஆம்ப்பும் 200 வாட்தான்.

ஆகையால் வாட் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சக்தியை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்; காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். 100 வாட்டுக்கும் 300 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 5 டெசிபலுக்குச் சற்றுக் குறைவு. ஒரு வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு ஒலி தருகிறது என்பது இதைவிட முக்கியம்: ஒரு வாட்டில் 98 டெசிபல் தரும் பெட்டி 200 வாட்டில் எழுப்பும் ஒலியை, 95 டெசிபல் பெட்டி எழுப்ப 400 வாட் கேட்கும். ஆம்ப்பில் 300 வாட் என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் 4 ஓம்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) பெட்டிக்கான கணக்கு. 8 ஓம்ஸ் பெட்டி ஒன்றை மட்டும் இணைத்தால் ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். இரண்டு 8 ஓம்ஸ் பெட்டிகளை இணையாகப் பூட்டினால் 4 ஓம்ஸ் ஆகும். ஆம்ப் தாங்கும் குறைந்தபட்ச ஓம்ஸுக்குக் கீழே மட்டும் போகவே கூடாது.

15 அங்குல ஸ்பீக்கரை நான் பழிப்பதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நல்ல 15 அங்குலப் பெட்டிகள் உண்டு. சிறிய ஆலயத்துக்குள் அவை இனிமையாகவே ஒலிக்கும். ஆனால் 1969-இல் பெரிய அரங்குகளுக்கென்று ஆம்ப்பெக் நிறுவனம் எஸ்விடி என்ற 300 வாட் வால்வு ஆம்ப்பைக் கொண்டுவந்தபோது, அதனுடன் நிறுத்தியது 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு அடங்கிய பெட்டிகளைத்தான் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

"ஆம்ப் எதற்கு, நேராக மிக்சரில் கொடுத்துவிடலாமே" என்று சிலர் எழுதுவார்கள். நகரத்து அரங்குகளில் அது சரி. எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் பல மேடைகளுக்கு வருவது பேச்சுக்கென்று செய்யப்பட்ட கூம்பு ஒலிபெருக்கிகள். பேஸின் அடி ஒலி அவற்றில் வராது. இன்னொரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். கீபோர்டின் இடது கையிலேயே பேஸ் வந்துவிடுகிறது என்று கூறி, பேஸ் வாசிப்பவரை அழைக்காமல் விடுவது கூடிவருகிறது. பேஸ் சரியாகக் கேட்காத மேடைகளைக் கண்டுதான் அப்படிச் சொல்லும் துணிச்சல் வந்தது என்று நான் நம்புகிறேன். நம் பிழைப்பும் நல்ல ஆம்ப் அமைவதைச் சார்ந்தது.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் ஒரு கவலை. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தையே அரித்த காற்று, ஜாக்கையும் கம்பி வலையையும் விட்டுவைக்காது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, உறையிட்டு, காற்று நேரடியாகப் படாத அறையில் வையுங்கள்.

கடைக்கு உங்கள் சொந்த கிட்டாரையே கொண்டு போங்கள். ஆம்ப்பைச் சுவரிலிருந்து நான்கடியாவது முன்னே இழுத்து வைக்கச் சொல்லுங்கள், கைப்பேசியிலிருந்து டிரம்ஸ் தடம் ஒன்றைக் கடையின் ஸ்பீக்கரில் உரக்க ஒலிக்கவிட்டு அதனுடன் வாசியுங்கள், கிட்டாரை நண்பரிடம் கொடுத்துவிட்டுக் கதவருகே போய் நின்று கேளுங்கள். முடிவு செய்வதற்குமுன் ஆம்ப்பின் பின்புறத் தகட்டைப் படமெடுத்து இங்கே இட்டால், ஓம்ஸும் வாட்டும் பெட்டிக்குப் பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன்.