பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு

அன்புள்ள அக்கா,

மும்பையில் சயானில் இருக்கிறோம். அப்பா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தாச்சு. எனக்கு வயது 24. தினமும் சயானில் ரயிலேறி, தாதரில் இறங்கி, பாலம் ஏறி வெஸ்டர்ன் லைனுக்கு மாறி அந்தேரிக்கு வேலைக்குப் போகிறேன். எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி, ஆச்சி எண்ணெய் வைத்து வளர்த்தது. 2025 ஜனவரியில் தாதர் ஸ்டேஷனில் ஒரு கல்லூரிப் பெண்ணின் முடியை ஒருவன் வெட்டிவிட்டு ஓடினான் இல்லையா, அந்தச் செய்தி வந்ததிலிருந்து அந்தப் பாலத்தில் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். யாராவது பின்னால் உரசினால் உடம்பு கூசுகிறது. கனவிலும் வருகிறது. அண்ணன் "முடிதானே, வளராதா?" என்று சிரிக்கிறான். அம்மா "தோள் வரைக்கும் வெட்டிவிடு, நிம்மதி" என்கிறாள். போன வாரம் எங்கள் பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஆளின் படம் வந்தது, முடி வெட்டும் கும்பலைச் சேர்ந்தவன், பார்த்தால் விடாதீர்கள் என்று. நானும் இரண்டு குரூப்புக்கு அனுப்பினேன். என் பயம் பைத்தியக்காரத்தனமா? முடியை வெட்டிவிடட்டுமா?

ச.

அன்புள்ள ச.,

பைத்தியக்காரத்தனம் இல்லை. எனக்கே நடந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த ஒரு சாயங்காலம், யாரோ என் ரெட்டைச் சடையில் ஒன்றை பிளேடால் அறுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மா ரிப்பனை அவிழ்க்கப் பார்த்தால் ஒரு பக்கம் ரிப்பனே இல்லை, நாலு விரல்கடை முடியும் இல்லை. அம்மா கேட்ட முதல் கேள்வி "பின்னாடி யார் நின்னா?" என்பது. யாரும் எனக்கு ஞாபகத்தில் இல்லை. ஆனால் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், மாமா வந்து கேட்டார், பக்கத்து வீட்டில் கேட்டார்கள், பத்தாவது தடவை கேட்டபோது என் வாயில் ஒரு ஆள் வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் கூம்புப் பொட்டலத்தில் வறுகடலை விற்கிற அண்ணன். அன்றைக்கு அவர் பஸ்ஸுக்குள் ஏறி விற்றார் என்பது மட்டும்தான் எனக்கு நிஜமாகத் தெரியும். மாமா போய் அவரை ரெண்டு அறை அறைந்து, கடலைத் தட்டைத் தட்டிவிட்டுவிட்டு வந்தார். அப்புறம் அவர் அந்த ஸ்டாண்டுப் பக்கமே வரவில்லை. வெட்டியது யாரென்று இன்றுவரை தெரியாது. அந்த முடி ஒரு வருடத்தில் வளர்ந்துவிட்டது, அவர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் அந்த வாட்ஸ்அப் படத்தைப் பற்றிப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. அதற்கு வருகிறேன், முதலில் அண்ணன் சொன்னதற்குப் பதில் சொல்லிவிடலாம்.

"முடிதானே" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் வளரும், வருடத்துக்கு அரை அடி. இடுப்புக்குக் கீழே என்றால் ஆறேழு வருட வளர்த்தி. இன்றைக்கு ஒருவன் வெட்டினால் உங்களுக்கு 30 வயது தாண்டித்தான் அது திரும்ப வரும். நீளம்கூட இரண்டாவதுதான். பழனியிலோ திருப்பதியிலோ நாமே போய் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொள்கிறோம், யாரும் அழுவதில்லை. வேறு ஒருவன் கேட்காமல் கை வைத்தால் நாலு விரல்கடை போனாலும் அன்றிரவு தூக்கம் வராது. பாஞ்சாலியைக் கூந்தலைப் பிடித்துத்தான் இழுத்து வந்தார்கள். புருஷன் செத்த பெண்ணுக்கு மொட்டை அடித்து மூலையில் உட்கார வைத்த வீடுகளும் நம் ஊரில் இருந்தன. ஒரு பெண்ணை அவமானப்படுத்த முடியில் கை வைப்பது பழைய வழி, உங்கள் உடம்பு கூசுவது அதனால்தான் என்று நினைக்கிறேன். பெண்ணின் மானத்தைக் குலைக்கும் எண்ணத்தோடு கை வைப்பதற்கு இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவில் ஒரு வருடத்திலிருந்து ஐந்து வருடம் வரை சிறை உண்டு, அண்ணனிடம் சொல்லுங்கள்.

தாதர் ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்பதையும் கவனித்தீர்களா? அந்தப் பெண் பயந்து வீட்டுக்குப் போய்விடாமல் ரயில்வே போலீஸில் புகார் கொடுத்தார், சிசிடிவி பதிவை வைத்துத் தேடினார்கள். கும்பல் எல்லாம் இல்லை, தனி ஆள். நீண்ட முடி வைத்த பெண்களைப் பிடிக்காது என்று சொன்னதாகச் செய்தி வந்தது. இப்படிப்பட்ட ஆண்கள் எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள், 19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸிலும் ஜெர்மனியிலும் கூட்டத்தில் பெண்களின் பின்னலை வெட்டி வீட்டில் சேர்த்து வைத்தவர்களைப் பிடித்து மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். விற்பதற்காகத் திருடுவதும் ஒரு சில இடங்களில் நடந்தது, வெனிசுவேலாவின் மரகைபோ நகரத்தில் 2013இல் கடைவீதியில் பெண்களை மறித்து முடியை அறுத்துக்கொண்டு போனார்கள் என்று அந்த நாட்டு அதிபரே பேச வேண்டிவந்தது. நம் நாட்டில் கோயில் மொட்டை முடியும், தெருவில் வந்து பாத்திரத்துக்கு வாங்கிப் போகிற சிக்குமுடியும் மலை மலையாகக் கிடைக்கிறது, ஒருவன் தாதர் பாலத்தில் கத்திரிக்கோலோடு நின்று வியாபாரம் பண்ண வேண்டிய அவசியம் இல்லை. ஆக நடக்கக்கூடியதுதான், ஆனால் அபூர்வம்.

பயம் பரவி நடந்தவை அப்படி அபூர்வமானவை இல்லை, அதைத்தான் உங்களிடம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

2017 கோடையில் ராஜஸ்தானில் ஆரம்பித்து ஹரியானா, டெல்லி, உத்தரப் பிரதேசம் என்று பின்னல் வெட்டுகிறார்கள் என்ற பீதி பரவியது. பெண்கள் மயங்கி விழுந்து எழுந்தால் பின்னல் தரையில் கிடந்தது என்றார்கள். வெட்டியவனை யாரும் பார்க்கவில்லை. ஒருத்தி பூனை என்றாள், ஒருத்தி சாமியாடி என்றாள். ஊர் ஊராக வாசலில் வேப்பிலை கட்டினார்கள், எலுமிச்சையும் மிளகாயும் தொங்கவிட்டார்கள். அந்த ஆகஸ்ட் மாதம் ஆக்ரா பக்கத்தில் ஒரு கிராமத்தில், விடியற்காலை இருட்டில் வெளிக்குப் போன 60 வயது தாண்டிய ஒரு தலித் அம்மா வழி தவறி வேறு தெருவுக்குப் போய்விட்டார். வெள்ளைப் புடவை. பின்னல் வெட்டுகிற சூனியக்காரி என்று அடித்தே கொன்றார்கள். செப்டம்பரில் அதே பீதி காஷ்மீருக்குப் போனது. நூறு புகாருக்கு மேல் வந்தது, துப்புக் கொடுத்தால் 6 லட்சம் என்று போலீஸ் அறிவித்தது. அங்கேயும் அனந்த்நாக்கில் இரவில் வீட்டுக்கு வெளியே வந்த 70 வயதுப் பெரியவர் ஒருவர் செங்கல் எறிபட்டுச் செத்தார். இந்தப் பெண்களின் முடி போனது பொய் என்று நான் சொல்லமாட்டேன், அவர்கள் பட்ட பயம் நிஜம். ஆனால் செத்தவர்கள் இருவரும் யார் முடியிலும் கை வைக்கவில்லை.

இதே கதை சீனாவில் 1768இல் நடந்திருக்கிறது, அங்கே ஆண்களின் சடை. அப்போது சீனாவை ஆண்ட மஞ்சு அரசர்கள் ஆணையால் ஆண்கள் எல்லோரும் முன்தலையை மழித்துப் பின்சடை வளர்த்தாக வேண்டும். அந்தச் சடை நுனியை வெட்டி மந்திரம் செய்தால் உயிரை எடுத்துவிடலாம் என்று வதந்தி கிளம்பியது. மாட்டியவர்கள் பிச்சைக்காரர்களும் ஊர் சுற்றுகிற பிக்குகளும். சித்திரவதை செய்ததும் ஒப்புக்கொண்டார்கள், ஒப்புக்கொண்டதைக் கேட்டுப் பேரரசர் சியான்லோங் இன்னும் பிடி என்றார். மாதக்கணக்கில் நடந்து, கடைசியில் எல்லாம் அடி தாங்காமல் சொன்ன பொய் என்று தெரிந்து கைவிட்டார்கள். ஒரு மந்திரவாதியும் கிடைக்கவில்லை.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 2018 மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கத்தில், குலதெய்வம் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் போன ஒரு குடும்பம் வழி கேட்க இறங்கியது. அதில் 65 வயது அம்மா அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவை அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

சரி, உங்கள் பாலத்துக்கு வருவோம். நெரிசல் நேரத்தில் மட்டும் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பின்னலை முன்னால் போட்டுத் துப்பட்டாவுக்குள் விடுங்கள். எங்கள் பாட்டி சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பின்னலை முன்னால் இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் வைகைக்குள் இறங்குவாள், அதை யாரும் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொன்னதில்லை. முதுகுப்பையைப் பின்னலுக்கு மேல் மாட்டலாம். படியில் நிற்கும்போது சுவரோ கம்பியோ முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஒருவேளை நடந்தேவிட்டால் உடனே சத்தம் போடுங்கள், விழுந்த முடியை ஒரு பையில் எடுத்து வையுங்கள், ரயில்வே உதவி எண் 139க்கு அடியுங்கள், எந்த இடம், எத்தனை மணி என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். யார் என்று யாராவது உங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டால், பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். எனக்கு 14 வயதில் அதைச் சொல்லத் தெரியவில்லை.

கனவு இன்னும் ஒரு மாதம் வந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தூக்கம் கெட்டால் பயம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

முடியை வெட்ட வேண்டாம், இந்தக் காரணத்துக்காக வேண்டாம். பராமரிக்க முடியவில்லை, வெயிலில் கசகசக்கிறது, குட்டையாக இருந்தால் அழகாக இருக்கும் என்று தோன்றினால் நாளைக்கே போய் வெட்டுங்கள், அம்மா சந்தோஷப்படட்டும். எங்கேயோ ஒருவன் கத்திரிக்கோலோடு இருக்கிறான் என்பதற்காக நீங்களே வெட்டிக்கொள்வதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அந்தப் படம். முதலில் அனுப்பியவரிடம் இது யார், எங்கே எடுத்தது, புகார் எண் என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. நீங்கள் அனுப்பிய இரண்டு குரூப்பிலும், இதைச் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன், யாரும் நம்ப வேண்டாம், அழித்துவிடுங்கள் என்று உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். அந்த ஆள் நாளைக்குக் காலையில் உங்கள் சயான் ஸ்டேஷனிலேயே ரயிலேற நிற்கலாம். இன்று இரவே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா