கைப்பேசி மோகம் ரத்தத்தில் வருமா?

கேள்வி: என் மூத்த மகனுக்கு 15 வயது. இரவு இரண்டு மணி வரை கைப்பேசியில் விளையாடுகிறான். பிடுங்கினால் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட மறுக்கிறான். ஒரே வீட்டில் வளரும் இளையவனிடம் இந்தப் பழக்கம் இல்லை. என் மாமனார் குடியால் இறந்தவர். “அப்பா வழி ரத்தம்” என்கிறார் என் அம்மா. எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்து அடிமையாகும் வாய்ப்பைச் சொல்வதாக ஒரு விளம்பரம் கண்டேன். செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பரிசோதனையால் உங்கள் மகனுக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் உங்கள் அம்மா சொல்வதை அடியோடு தள்ளிவிடவும் முடியாது.

நெதர்லாந்தில் 5,000-க்கும் மேற்பட்ட வளரிளம் பருவ இரட்டையரை வைத்து 2016-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கட்டுப்பாடின்றி இணையத்தில் மூழ்கும் பழக்கத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 48 சதவீதம் மரபு சார்ந்தது என்று அது கணித்தது. மரபணு ஏறத்தாழ ஒன்றாகவே உள்ள, உருவம் ஒத்த இரட்டையர் இந்தப் பழக்கத்திலும் ஒத்திருந்தார்கள். மரபணுவில் பாதியளவே பகிரும், உருவம் வேறுபட்ட இரட்டையரிடம் அந்த ஒற்றுமை குறைவு. கணக்கின் அடிப்படை இவ்வளவுதான்.

இந்த 48-ஐப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் மகனின் பழக்கத்தில் பாதி தாத்தாவிடமிருந்து வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே உரம் என்று வளர்ந்த பயிர் நெட்டையும் குட்டையுமாக நின்றால், காரணம் விதையில்தான் இருக்கும். பாதி வயலுக்குத் தண்ணீர் பாயவில்லை என்றால், அதே விதையின் பங்கு சிறுத்துத் தெரியும். எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிற காலத்தில் மரபின் பங்கு பெருத்துத் தெரிவதும் அப்படித்தான். இது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஒரு பிள்ளையின் ஜாதகத்தை அதிலிருந்து கணிக்க முடியாது.

உங்கள் இளைய மகனைப் பற்றிய கேள்விக்கும் அதே ஆய்வில் விடை இருக்கிறது. மீதமுள்ள வேறுபாடு, பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் வீட்டுச் சூழலால் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் தனியாக நேர்ந்தவற்றால் வந்தது. ஒரு நண்பன், வகுப்பில் பட்ட அவமானம், வராமல் போன ஒரு பாடம் எதுவாகவும் இருக்கலாம். மூத்தவனுக்கு மட்டும் நேர்ந்தது என்ன என்று விசாரியுங்கள்.

விளம்பரங்கள் பேசும் மரபணுக்களுக்கு வருவோம். கொரியாவில் இணைய விளையாட்டில் மூழ்கிய வளரிளம் பையன்களிடம், மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருள் தொடர்பான மரபணு வகைகள் அதிகம் தென்பட்டதாக 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. ஜெர்மனியின் பான் நகரிலிருந்து 2012-ல் வந்த ஆய்வு, மூளையில் நிக்கோட்டின் போய் ஒட்டும் இடமான நிக்கோட்டின் ஏற்பியோடு தொடர்புடைய வேறொரு மரபணுவைச் சுட்டியது. இரண்டுமே சிறு குழுக்களில் செய்தவை. மனநல ஆய்வில் இப்படி ஒற்றை மரபணுவைப் பிடித்துச் சொன்ன முடிவுகள் பல, பெருங்கூட்டத்தில் சோதித்தபோது நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் துளித்துளியாகச் சேர்ந்து செய்யும் வேலையில், இரண்டு மூன்றைப் பார்த்து ஒரு பையனுக்கு முத்திரை குத்துவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

வழிவழியாக வருவது கைப்பேசி ஆசை அல்ல. அவசரப்படும் சுபாவம், பதற்றம், மனச்சோர்வுக்கு ஆளாகும் தன்மை, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச்சிதறல் போன்றவை. தாத்தாவிடம் குடியாக வெளிப்பட்ட ஒன்று பேரனிடம் வேறு உருவில் வரலாம், வராமலும் போகலாம். எனவே மாமனாரின் கதையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கைப்பேசி வருவதற்கு முன்பே, ஐந்தாறு வயதிலேயே, ஓரிடத்தில் உட்காராமல், தொடங்கிய வேலையை முடிக்காமல் இருந்தானா என்பதையும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். எனக்கு எந்த மரபணு அறிக்கையையும்விட இந்தத் தகவல் பெரிது. கவனச்சிதறலோ மனச்சோர்வோ இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு.

அவன் காதுபட “தாத்தா மாதிரியே” என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. தன்னால் முடியாது என்று பிள்ளை நம்பத் தொடங்கிவிட்டால் சிகிச்சையின் பாதி பலன் போய்விடும்.

கைப்பேசியைத் திடீரென்று பிடுங்காதீர்கள். இரவில் வீட்டில் எல்லாருடைய கைப்பேசிகளும், உங்களுடையதும் கணவருடையதும் சேர்த்துத்தான், கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். நேரத்தை அவனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். முதலில் தூக்கத்தை மீட்டால் போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறையில் உள்ள விளையாட்டுக் கோளாறுக்கு (கைப்பேசி, கணினி விளையாட்டுக்கு அடிமையாவது) இந்த அறிகுறிகள் பொதுவாக 12 மாதம் நீடித்திருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது: கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாகிவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. உதவி கேட்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனி மருத்துவப் பிரிவு இருக்கிறது. செத்துப்போவதாக ஒரு வார்த்தை சொன்னாலும் மிரட்டல் என்று ஒதுக்காமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும் முன் இரண்டு வாரம் அவன் தூங்கிய நேரம், எழுந்த நேரம், சாப்பிடாத வேளைகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.