இரண்டாயிரம் ரூபாய்க்கு விண்டோஸ் வாங்கலாமா? – கேள்வி பதில்

வீட்டுக் கணினிக்கு மலிவு விலையில் விண்டோஸ் உரிமம் வாங்குவது பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்: மகள் உயர்தரம் படிக்கிறாள். முகநூலில் விண்டோஸ் 11 ப்ரோ கீ இரண்டாயிரம் ரூபாய் என்று விளம்பரம் வருகிறது. இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறார்கள்?

அக்கா, அமெரிக்காவில் மைக்ரோசொப்ட் விற்கும் விலை ஹோம் பதிப்புக்கு 139 டொலர், ப்ரோ பதிப்புக்கு 199 டொலர். கீ என்பது வெறும் 25 எழுத்தும் எண்ணும்தான். அதை யாரும் பிரதி எடுத்து விற்றுவிட முடியும். இவ்வளவு மலிவாக வருபவற்றில் பல, நிறுவனங்கள் தங்கள் கணினிகளுக்கென மொத்தமாகப் பெற்றவை. சில, கழித்துவிட்ட கணினிகளிலிருந்து எடுத்தவை. திருட்டு வங்கி அட்டையில் வாங்கியவையும் உண்டு. நிறுவன உரிமத்தைத் தனிநபருக்குப் பிரித்து விற்க ஒப்பந்தம் இடம்கொடுப்பதில்லை.

கீ முதல்நாள் வேலை செய்வதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது செல்லுபடியாகுமா, அளவுக்கு மேல் பயன்பட்டதா என்றுதான் மைக்ரோசொப்ட் பார்க்கும். விற்றவருக்கு உரிமை உண்டா என்று பார்க்காது. பிறகு கீ முடக்கப்பட்டால் நட்டம் உங்களுக்குத்தான். வாங்காதீர்கள்.

கிளிநொச்சியிலிருந்து ஒருவர்: பாவித்த மடிக்கணினி ஒன்று வாங்கினேன். கடையில் விண்டோஸ் போட்டுத் தந்தார்கள். அது முறையானதா என்று எப்படி அறிவது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்க விரும்புகிறேன், ஏனென்றால் காசே செலவழிக்கத் தேவையில்லாத பலர் இதை அறியாமல் செலவழிக்கிறார்கள்.

விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸுடன் விற்கப்படும் மடிக்கணினிகளில் கீயைத் தயாரிப்பாளரே மதர்போட்டில் பதித்துவிடுகிறார். வன்தட்டை அழித்தாலும் அது அழியாது. ஆனால் சில கடைகளில் எல்லாக் கணினிக்கும் ஒரே பென் டிரைவால் ப்ரோ பதிப்பைப் போட்டு, உடைத்த மென்பொருளால் இயங்கவைத்து விடுகிறார்கள். உங்கள் சொந்த ஹோம் உரிமம் உள்ளேயே பயன்படாமல் கிடக்கும்.

விண்டோஸ் அமைப்புகளில் 'சிஸ்டம்', அதற்குள் 'ஆக்டிவேஷன்' (செயற்படுத்தல்) பகுதியைத் திறந்து பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம் செயற்படுத்தப்பட்டது என்று அங்கே எழுதியிருந்தால், அது வீட்டுக் கணினிக்குரியதே அல்ல. அந்த வகைச் செயற்படுத்தல் 180 நாள்தான் நிற்கும். நிறுவனத்தின் சேவையகம் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 'டிஜிட்டல் உரிமம்' என்று காட்டினாலும் அது மட்டும் சான்றல்ல, அதையும் போலியாக உண்டாக்குகிறார்கள்.

உறுதியான வழி, மைக்ரோசொப்ட் தளத்திலிருந்தே நிறுவியை 8 ஜிபி பென் டிரைவில் இறக்கி, கணினியோடு முதலில் வந்த அதே பதிப்பை நிறுவுவது. விண்டோஸ் 10 அல்லது 11 உடன் விற்ற கணினியென்றால், இணையத்தில் இணைந்ததும் தானாகவே செயற்பட்டுவிடும். ஆனால் 7, 8 கால கீக்களை விண்டோஸ் 10, 11க்கு 2023 செப்டெம்பரோடு மைக்ரோசொப்ட் ஏற்காமல் நிறுத்திவிட்டது.

நிறுவும் முன் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு தட்டில் பிரதி எடுங்கள். போரில் குடும்பப் படங்களைப் பறிகொடுத்து, எஞ்சியவற்றை ஸ்கான் செய்து ஒரே கணினியில் வைத்திருக்கும் வீடுகள் எங்களிடையே நிறைய. விண்டோஸ் மறுபடி கிடைக்கும், அந்தப் படங்கள் கிடைக்காது.

மல்லாவியிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, இலவசமாகவே செயற்படுத்தும் மென்பொருள் நண்பரிடம் இருக்கிறது. பிறகேன் காசு?

தம்பி, அதை ஓடவிட முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லும், பிறகு நிர்வாகி அனுமதி கேட்கும். வீட்டுத் திறப்பையே கொடுத்துவிடுகிறாய். 2021இல் இத்தகைய பிரபலமான மென்பொருள் ஒன்றின் பெயரில் உலவிய நிறுவியில், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் 'கிரிப்ட்பொட்' இருந்தது. அப்பாவின் வங்கிக் கணக்கும் அதே கணினியில்தானே திறக்கப்படுகிறது?

நெடுங்கேணியிலிருந்து ஓர் ஆசிரியர்: என் பழைய கணினியில் விண்டோஸ் 10. பதினொன்றுக்கு கீ வாங்கினால் மாறிவிடலாமா?

ஐயா, தடையாக இருப்பது கீ அல்ல. முறையான 10 உரிமம் இருந்தால் 11க்கு மாறுவது இலவசம். ஆனால் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரையான பாதுகாப்புப் புதுப்பிப்பு நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசொப்ட் அறிவித்தது: அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்கில் காப்பெடுத்தால் கட்டணமில்லை, இல்லையேல் 30 டொலர்.

அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட் போடுங்கள். அது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருள், பழைய கணினியிலும் நன்றாக ஓடும். வினாத்தாள் தயாரிக்க லிப்ரே ஒப்பிஸ் போதும். தட்டச்சுக்கு ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் பழைய பாமினிக் கோப்புகளும், அந்த எழுத்துருவை நிறுவினால் திறக்கும்.

வவுனியாவிலிருந்து: ஜெர்மனியில் பழைய உரிமங்களை விற்பது சட்டபூர்வமானது என்று அங்குள்ள அண்ணன் சொல்கிறார். சரியா?

பாதி சரி. 2012 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், நிரந்தர உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் விற்பவர் தன் பிரதியைப் பயன்படாதபடி செய்துவிட வேண்டும். பலருக்கென வாங்கிய தொகுதி உரிமத்தைப் பிரித்து விற்கவும் கூடாது. அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கான தீர்ப்பு, இலங்கைக்கானது அல்ல. அண்ணன் உதவ விரும்பினால், விண்டோஸ் 11 உடன் வந்த பாவித்த மடிக்கணினியாகவே வாங்கித் தரச் சொல்லுங்கள்.

மாங்குளத்திலிருந்து: ஹோமா, ப்ரோவா?

ஹோம். வீட்டுக்கு அது தாராளம்.

முல்லைத்தீவிலிருந்து: மலிவு கீ ஒன்றை ஏற்கெனவே வாங்கிப் போட்டுவிட்டேன். இனி என்ன செய்வது?

பயப்படாதீர்கள். கீ முடக்கப்பட்டாலும் கோப்புகள் அழியா. திரையின் மூலையில் அறிவித்தல் தோன்றும், பின்னணிப் படத்தை அமைப்புகளில் மாற்ற விடாது, ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்துகொண்டிருக்கும். வங்கி அட்டையில் கட்டியிருந்தால் பற்றுச்சீட்டோடு வங்கியில் முறையிடுங்கள்.

விற்றவர் விண்டோஸையே தன் இணைப்பிலிருந்து இறக்கச் சொன்னாரா? அப்படியென்றால் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, தட்டை அழித்து, மைக்ரோசொப்ட் தளத்து நிறுவியால் இன்றே மறுபடி நிறுவுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.