சோலார், காற்றாலை ஆலைகள் ஏன் மூடுகின்றன? கேள்விகளும் பதில்களும்

பசுமை மின்சாரம் வளர்கிறது என்கிறார்கள், ஆனால் அதற்கான சாமான் செய்யும் ஆலைகள் பல நாடுகளில் மூடிக்கொண்டே இருக்கின்றன. இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். பேனல் ஆலைகளில் இயந்திரம் பொருத்திக் கொடுக்கும் வேலையில் இருந்தவன் நான், அதனால் சோலார் பக்கம் கொஞ்சம் சாய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், சீனாவில் கூலி குறைவு, அதனால் ஆலை அங்கே போகிறது. அவ்வளவுதானே?

பதில்: சோலாரில் கூலி பெரிய கணக்கே இல்லை. ஒரு பேனல் உருவாக மணலிலிருந்து வரும் சிலிக்கானைச் சுத்தப்படுத்திப் பாலிசிலிக்கான் ஆக்க வேண்டும், அதை உருக்கி இங்காட் என்ற பாளம், இங்காட்டை அறுத்து வேஃபர் என்ற மெல்லிய தகடு, வேஃபரிலிருந்து வெயிலை மின்சாரமாக்கும் செல், கடைசியில்தான் செல்களைக் கோத்து கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பேனல். இதில் பாலிசிலிக்கான் செலவில் 40 சதவீதத்துக்கு மேல் மின்சாரத்துக்கே போகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமையின் 2022 அறிக்கை சொல்கிறது. அதே அறிக்கைப்படி ஐரோப்பாவைவிடச் சீனாவில் 35 சதவீதமும் அமெரிக்காவைவிட 20 சதவீதமும் மலிவாகச் செய்ய முடிகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. மலிவு மின்சாரம், மலிவுக் கடன், அப்புறம் அக்கம்பக்கம். கண்ணாடி, அலுமினியச் சட்டம், ஜங்ஷன் பாக்ஸ் எல்லாம் லாரி ஒரே நாளில் வந்து சேரும் தூரத்தில் கிடைத்தால் கிடங்கில் பணம் முடங்காது. பக்கத்தில் அலுமினியச் சட்டம் செய்தவர் கடையை மூடிவிட்டால் பேனல்காரர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

காற்றாலை இறக்கை வேறு கதை. கண்ணாடி இழைத் துணியை அச்சுக்குள் அடுக்கடுக்காக விரிப்பது, பிசினை இழுக்க விடுவது, விளிம்பைத் தேய்ப்பது என்று இன்னமும் கைவேலைதான் அதிகம். அங்கே கூலி நிஜமாகவே பேசும்.

கேள்வி: அரசிடம் பணம் வாங்கிக்கொண்டு ஆலையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோன கம்பெனி உண்டா அண்ணா?

பதில்: உண்டு தம்பி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் டெவன்ஸில் எவர்கிரீன் சோலார் என்று ஒரு கம்பெனி. மாநில அரசு மானியம், கடன், நிலம், வரிச்சலுகை என்று 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. 2008ல் திறந்த ஆலை, 2011 ஜனவரியில் மூடுகிறோம் என்று அறிவிப்பு, 800 பேர் வீட்டுக்கு. உற்பத்தி வூஹானுக்குப் போனது, அங்கே ஆலைச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சீன அரசுத் தரப்பே கடனாகக் கொடுத்திருந்தது. இதைப் படித்துவிட்டு அந்தக் கம்பெனி கொழுத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அதே வருடம் ஆகஸ்டில் திவால் மனு போட்டார்கள்.

எனக்கு இதில் கோபம் கம்பெனி மீதுகூட அவ்வளவாக இல்லை, ஒப்பந்தம் எழுதியவர்கள் மீதுதான். திறப்பு விழாவில் எத்தனை வேலை என்று எண்ணுவார்கள், எத்தனை வருடம் என்று யாரும் கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பிராந்திய முதலீட்டு மானியம் வாங்கிய பெரிய கம்பெனி குறைந்தது 5 வருடம் அந்தப் பகுதியிலேயே அந்த முதலீட்டை வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதிதான், ஆனால் ஆறாவது வருடம் மூடினால்? பேனல் ஆலையின் இயந்திரங்கள் அதற்குள் எப்படியும் பழசாகிவிடும், புது முதலீடு போடும் நேரம் அதுதான், எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் நேரமும் அதுதான். மானியம் கொடுப்பவர் அந்த இரண்டாவது முதலீட்டைப் பற்றி முதல் நாளே எழுதி வாங்க வேண்டும், இயந்திரங்கள் மேல் அடமானமும் வேண்டும்.

கேள்வி: காற்றாலைக்கு இவ்வளவு கிராக்கி இருக்கும்போது லாபம் வரும் ஆலையை ஏன் மூடுகிறார்கள்? புரியவே இல்லை.

பதில்: கிராக்கி உலகத்துக்கு இருக்கும், அந்த ஆலை செய்யும் அளவுக்கு இருக்காது. பிரிட்டனில் ஐல் ஆஃப் வைட் தீவில் வெஸ்டாஸ் கம்பெனியின் இறக்கை ஆலை 2009ல் மூடப்பட்டது, சுமார் 425 பேருக்கு வேலை போனது. தொழிலாளர்களில் சிலர் உள்ளே புகுந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆலையைப் பிடித்து வைத்திருந்தார்கள். அங்கே செய்த இறக்கைகள் அமெரிக்கச் சந்தைக்கானவை, கம்பெனியோ அமெரிக்காவிலேயே ஆலை கட்டிவிட்டது. ஆக இதில் ‘மலிவு நாடு’ என்ற பேச்சே இல்லை. பின்னால் கடல் காற்றாலை இறக்கைக்காக அதே தீவில் மறுபடி உற்பத்தி தொடங்கினார்கள், வேலை இழந்தவர்கள் அதற்குள் வேறு பிழைப்பு தேடிப் போயிருப்பார்கள்.

2022ல் ஜெர்மனியின் ரோஸ்டாக்கில் நார்டெக்ஸ் தன் இறக்கை ஆலையை மூடியபோது வேலை போனது 600 பேருக்கு. அது கூலிக் கணக்கும் சேர்ந்த முடிவு.

கேள்வி: நான் ஒரு பேனல் ஆலையில் ஷிஃப்ட் சூபர்வைசர். மூடப்போகிறார்களா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? நேராகக் கேட்டால் யாரும் சொல்வதில்லை.

பதில்: சொல்ல மாட்டார்கள், மேலாளருக்கே பல சமயம் கடைசி வாரம்தான் தெரியும். ஸ்டோருக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடியையும் செல்லையும் சூட்டில் அழுத்தி ஒட்டும் லேமினேட்டரில் ரப்பர் சவ்வு ஒன்று இருக்கிறதே, சூட்டில் நைந்து நைந்து அடிக்கடி மாற்ற வேண்டியது, அதை எப்போதும் மொத்தமாக வாங்கி வைக்கும் ஆலை திடீரென்று ஒவ்வொன்றாக வாங்க ஆரம்பித்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் வருடக் கணக்கிலிருந்து மாதக் கணக்குக்கு இறங்கினாலும் அப்படித்தான்.

இன்னும் பெரிய அடையாளம் வேஃபர் அளவு. ஒரு காலத்தில் 156 மில்லிமீட்டர்தான் எல்லாருக்கும், அப்புறம் 166, இப்போது 182, 210. செல்களைக் கம்பி வைத்துக் கோக்கும் ஸ்ட்ரிங்கர் பழைய அளவுக்கு மட்டுமே செய்யப்பட்டிருந்தால் அதற்கேற்ற செல் சந்தையில் கிடைப்பதே சிரமமாகிவிடும். செல் வகையும் மாறிவிட்டது, பெர்க் என்ற பழைய வகை போய் டாப்கான் என்ற புது வகை வந்துவிட்டது. உங்கள் லைனை மாற்ற அடுத்த பட்ஜெட்டில் பணம் ஒதுக்கவில்லை என்றால், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் முடிவு ஆகிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டு ஆலையிலிருந்து ஆள் வந்து உங்கள் செட்டிங் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துப் போனால் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனி பொதுவாக 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் எத்தனை நாள், இழப்பீடு எந்தச் சம்பளத்தின் மேல் கணக்கு என்பதை இப்போதே தொழிற்சங்கத்திடம் கேட்டு வையுங்கள்.

கேள்வி: சோலிண்ட்ரா? அது ஊழல்தானே!

பதில்: சோலிண்ட்ரா ஓர் அமெரிக்கப் பேனல் கம்பெனி. 53.5 கோடி டாலர் அரசு உத்தரவாதக் கடன், 2011ல் திவால், வேலை இழந்தவர்கள் 1,100 பேர். அரசியல்வாதிகள் வருடக்கணக்கில் பேசித் தீர்த்தார்கள். ஆனால் ஆலையைக் கொன்றது சிலிக்கான் விலை. 2008ல் கிலோ 400 டாலரைத் தாண்டியது, 2012 முடிவதற்குள் 20 டாலருக்குக் கீழே. சிலிக்கானே வேண்டாத உருளை வடிவப் பேனல் அவர்களுடையது, சிலிக்கான் விலை உயரத்திலேயே நின்றால்தான் அது ஓடும்.

கேள்வி: இறக்குமதி வரியைப் போட்டுத் தீட்டினால் வேலை திரும்பி வருமா, வராதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பதில்: ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது தோழரே. 2012ல் அமெரிக்கா சீனச் செல்களுக்கு வரி போட்டது. உற்பத்தி அமெரிக்காவுக்கா வந்தது? மலேசியா, வியட்நாம், தாய்லாந்து, கம்போடியா என்று போனது. 2025ல் அந்த நான்கு நாடுகளுக்கும் வரி, அதற்கு முன்பே லாவோஸிலும் இந்தோனேசியாவிலும் ஆலைகள் தயார். ஐரோப்பா 2013 முதல் 2018 வரை சீனப் பேனல்களுக்குக் குறைந்தபட்ச விலை வைத்துப் பார்த்தது, அதற்கு நடுவிலேயே ஜெர்மனியின் சோலார்வேர்ல்ட் 2017ல் ஒரு முறை, 2018ல் இன்னொரு முறை நொடித்தது.

2022ல் கொண்டுவந்த பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் அமெரிக்கா வேறு வழி பிடித்தது, செய்து விற்கும் ஒவ்வொரு வாட் பேனலுக்கும் 7 சென்ட் வரிச்சலுகை. இது வேலை செய்தது, பேனல் ஆலைகள் நிறைய வந்தன. ஆனால் பேனல் பொருத்துவது சங்கிலியின் கடைசி, லேசான கண்ணி. நானே பார்த்திருக்கிறேன், கன்டெய்னரில் வந்து இறங்கிய லைன் சில மாதத்தில் ஓடத் தொடங்கும், அதேபோல் கழற்றி ஏற்றவும் அதிக நாள் ஆகாது. ஸ்விட்சர்லாந்தின் மேயர் பர்கர் 2024ல் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் பேனல் ஆலையை மூடி அமெரிக்காவை நம்பிப் போனது, அரிசோனாவில் திறந்த ஆலையும் 2025 மே மாதம் மூடியது. வேஃபரும் பாலிசிலிக்கானும் ஒரு நாட்டில் வேர் விட்டால்தான் அந்த வேலைகள் நிற்கும் என்பது என் கருத்து, அதற்கு மலிவு மின்சாரம் பல வருடத்துக்கு உறுதியாக வேண்டும், வரியால் அதைக் கொடுக்க முடியாது.

கேள்வி: அப்போ சீனத் தொழிலாளிக்குக் கொண்டாட்டம்தான்.

பதில்: இல்லவே இல்லை. அளவுக்கு மீறி ஆலை கட்டி, விலை செலவுக்கும் கீழே போய், 2024ல் அங்கே பெரிய சோலார் கம்பெனிகள் சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆட்களைக் குறைத்தன. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய பேனல் கம்பெனியாக இருந்த சன்டெக்கின் வூஷி ஆலை 2013லேயே திவால்.

கேள்வி: வேலை போனால் என்ன செய்வது? இத்தனை வருடம் இறக்கை லேமினேஷன் மட்டுமே தெரியும்.

பதில்: அது மட்டுமே என்று சொல்லாதீர்கள். படகு, விமான உதிரி பாகம் எல்லாம் அதே துணி, அதே பிசின். அதைவிட நல்லது இறக்கை பழுது பார்க்கும் வேலை, கயிற்றில் தொங்கி வேலை செய்யும் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும், ஆனால் நிற்கிற காற்றாலையை யாரும் வேறு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இங்காட் வளர்ப்பில் இருந்தவர்களைச் சிப் தொழிலில் எடுப்பார்கள். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு உலகமயத்தால் வேலை இழந்தவர்களுக்கான நிதி ஒன்று உண்டு, ஃபர்ஸ்ட் சோலார் ஃப்ராங்ஃபர்ட் ஆன் டெர் ஓடர் ஆலையை மூடியபோது ஜெர்மனி அதில் விண்ணப்பித்தது. தனி ஆள் கேட்க முடியாது, அரசுதான் கேட்க வேண்டும், அதனால் சங்கம் மூலமாக நெருக்குங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பேனல் வாங்கும்போது உள்நாட்டில் செய்தது என்று பார்த்து வாங்கினால் பயன் உண்டா?

பதில்: கொஞ்சம் உண்டு. ஆனால் பல நாடுகளில் அந்த லேபிள், பேனலுக்கு அலுமினியச் சட்டம் மாட்டிய இடத்தைத்தான் சொல்லும். செல் எந்த நாடு என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் வேஃபரைப் பற்றிக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.